தோளில் ஆயிரத்தில் இரண்டு

ரைஃபிள் தோட்டாவை வீட்டிலேயே மறுபடி நிரப்பிச் சுடுகிறவர்கள் அமெரிக்காவில் ஏராளம். அவர்களில் யாரையாவது புதிதாகச் சந்தித்தால் நான் முதலில் கேட்பது, "தோளை எவ்வளவு பின்னுக்குத் தள்ளுகிறீர்கள்?" என்பதுதான். டையை எத்தனை சுற்றுத் திருகினோம் என்று சிலர் சொல்வார்கள். எந்தக் கம்பெனி பிரஸ், எந்த மசகு என்று சிலர் சொல்வார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை என்று எண்ணாகச் சொல்கிறவர்கள் குறைவு. அந்த எண் தெரியாமலே ஒருவர் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் தோட்டாவை வெடிக்க விடுகிறார் என்பதை என்னால் இன்றுவரை இயல்பாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஒஹாயோ மாநிலம் டொலீடோவில் எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு பெரியவர். கார்த் தொழிற்சாலை ஒன்றின் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளவயதில் ராணுவத்தில் எம்1 காரண்ட் ரைஃபிளோடு பழகி, அந்தப் பழக்கத்தை விடாமல் இலக்குச் சுடும் போட்டிகளுக்குப் போய்வந்தவர். நான் கோவையில் பம்பு மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றின் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, டொலீடோவில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் அளவைக்கூடத்துக்கு வந்தவன். ஊர் வேறு, வயது வேறு. ஆனால் அவர் கராஜுக்குள் முதல் தடவை எட்டிப் பார்த்தபோது அங்கே கிரானைட் மேசையும் ஹைட் கேஜும் வி-பிளாக்கும் இருந்தன. எனக்குச் சொந்த ஊருக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடு என்பார். எனக்கு வாய் வராது. கடைசிவரை சார்தான்.

அவர் என்னிடம் துப்பாக்கியைப் பற்றி எதுவும் பேசவில்லை. "டேப்பரை எப்படி அளப்பாய்?" என்று கேட்டார். சரிவாகப் போகும் பாகத்துக்கு ஆரம்பம் எது, முடிவு எது என்று தொட்டுக் காட்ட முடியாது. அதனால் சரிவில் ஒரு குறிப்பிட்ட விட்டத்தைத் தேர்ந்துகொண்டு, அந்த விட்டம் எந்த இடத்தில் வருகிறது என்று வளையக் கேஜ் போட்டு அளப்போம் என்றேன். கோவையில் டிரில்லின் டேப்பர் ஷேங்க்கை அப்படித்தான் பார்ப்போம். அவர் இழுப்பறையிலிருந்து ஒரு எஃகு வளையத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தானே லேத்தில் கடைந்து, கடினப்படுத்தி, தேய்த்துச் செய்தது. துளை 0.400 அங்குலம். "அப்படியானால் உனக்குப் பாதி வேலை தெரியும்" என்றார்.

மீதிப் பாதியைச் சொல்வதற்கு முன், இந்தப் பக்கமே வராதவர்களுக்குத் தோட்டாவின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ரைஃபிள் தோட்டா நாலு பொருள் சேர்ந்தது: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருத்தும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. சுட்டபின் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். கூடு மட்டும் திரும்பக் கைக்கு வரும். விலையில் பெரும்பங்கு அந்தக் கூட்டுக்குத்தான். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை அது. பாட்டில் வடிவத்தில் இருக்கும்: பருத்த உடல், மேலே குறுகிய கழுத்து, இரண்டையும் இணைக்கும் சரிவு. அந்தச் சரிவுதான் தோள். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது .308 வின்செஸ்டர் என்ற தோட்டாவில். 1952இல் சந்தைக்கு வந்தது. அதன் ராணுவ உடன்பிறப்பை நேட்டோ நாடுகள் இரண்டு வருஷம் கழித்து ஏற்றுக்கொண்டன. அதன் தோள் 20 டிகிரி சாய்வு. அந்தச் சாய்வில் விட்டம் சரியாக 0.400 அங்குலம் வரும் இடத்தை அளவுக் கோடாக வைத்திருக்கிறார்கள். அவருடைய வளையம் போய் உட்காரும் இடம் அது.

துப்பாக்கியின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழி சேம்பர். பின்னால் போல்ட் மூடிக்கொள்ளும். போல்ட்டின் முகத்திலிருந்து சேம்பரில் அந்த 0.400 வரும் இடம்வரை உள்ள தூரம் ஹெட்ஸ்பேஸ். .308க்கு 1.630 அங்குலம் நீளமுள்ள கேஜ் போட்டால் போல்ட் மூட வேண்டும், 1.634 போட்டால் மூடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த எண்ணாகவும் உங்கள் துப்பாக்கி இருக்கலாம். என்னுடையது ஒன்று, அவருடையது ஒன்று, கடையில் அடுத்த பெட்டியில் இருப்பது இன்னொன்று. கடைத் தோட்டா இவை எல்லாவற்றிலும் நுழைந்தாக வேண்டும் என்பதால் அதன் தோள் கொஞ்சம் தாழ்வாகவே செய்யப்பட்டிருக்கும்.

இனிச் சுடும்போது நடப்பது. .308க்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. நம் கார் டயரில் அடிக்கும் காற்று 32. அந்த அழுத்தத்தில் பித்தளை பலூனாக விரிந்து சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்பக்கம் வராமல் அதுவே அடைப்பாக நிற்கிறது. அழுத்தம் இறங்கியதும் துளி சுருங்கி விடுபடுகிறது. வெளியே வரும் கூடு, ஏறக்குறைய உங்கள் சேம்பரின் அச்சு. பெரியவர் சுட்ட கூட்டைத் தூக்கிக் காட்டிச் சொன்னார்: "துப்பாக்கி தன் அளவை எழுதிக் கொடுத்துவிட்டது. நீ படித்தால் போதும்."

அதே கூட்டை மறுபடி சேம்பரில் வைத்தால் இறுகும். அதனால் பிரஸ் என்ற அழுத்தும் கருவியில் பொருத்திய டை என்ற எஃகு அச்சுக்குள் தள்ளி, உடலைச் சற்றுக் குறுக்கி, தோளைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளுகிறோம். இந்தத் தள்ளலைத்தான் அங்கே பம்ப் (bump) என்கிறார்கள். போல்ட் ரைஃபிளுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு போதும். ஆயிரத்தில் இரண்டு என்றால் 50 மைக்ரான்.

தள்ளல் போதாவிட்டால் போல்ட் மூடாது, கையே சொல்லிவிடும். அதிகமாகத் தள்ளினால் எதுவும் தெரியாது. போல்ட் வெண்ணெயாக மூடும், தோட்டா வெடிக்கும், குண்டு இலக்கைத் தொடும். கெடுதல் கூட்டுக்குள் நடந்துகொண்டிருக்கும். இதைத்தான் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். குறைவான தள்ளல் முரண்டு பிடிக்கும், மிகையான தள்ளல் வாயைத் திறக்காது.

அது என்ன கெடுதல் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணால் பார்த்தேன். பக்கத்தில் ஒரு கிளப்பின் சுடுகளத்தில் இருந்தோம். மூன்றாவது மேசையில் இருந்த இளைஞர் போல்ட்டைத் திறந்தபோது கூட்டின் அடிப்பாகம் மட்டும் வெளியே வந்தது. மேல்பாகம் சேம்பருக்குள்ளேயே நின்றுவிட்டது. கண்ணாடி போட்டிருந்தார், முகத்தில் ஒன்றும் படவில்லை. ஆனால் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் தன் பெட்டியிலிருந்து உடைந்த கூட்டை எடுக்கும் கருவியை எடுத்தார். தோட்டா மாதிரியே இருக்கும்; அதைச் சேம்பரில் நுழைத்துப் போல்ட்டை மூடித் திறந்தால் அது மேல்பாகத்தைக் கவ்விக்கொண்டு வெளியே வரும். வந்தது. விளிம்பு கிழிந்த காகிதம் போல ஒழுங்கில்லாமல் இல்லை. சுற்றிலும் ஒரே மட்டத்தில், யாரோ குறித்து வைத்து வெட்டிய மாதிரி இருந்தது.

அந்த இளைஞர் நாலைந்து தடவை மறுபடி நிரப்பிய கூடுகள் அவை. டையை எப்படி அமைத்தீர்கள் என்று பெரியவர் கேட்டார். பலரும் சொல்லிக்கொடுக்கும் வழிதான்: கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை டையை இறக்கி, அதற்கு மேல் கால் சுற்று. பெரியவர் அவரைக் குறை சொல்லவில்லை. அன்று சுட்ட கூடு ஒன்றையும், வீட்டிலிருந்து டையில் அழுத்திக் கொண்டுவந்து இன்னும் நிரப்பாத கூடு ஒன்றையும் வாங்கி, களத்து மேசையிலேயே வளையம் போட்டு அளந்தார். வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்பது.

அன்று மாலை கராஜில், இளைஞரின் மீதிக் கூடுகளில் ஒன்றை வைஸில் பிடித்து ஹேக்ஸாவால் நீளவாக்கில் அறுத்தார். அறுத்த முகத்தை அரத்தால் தேய்த்து விளக்கடியில் திருப்பினார். கூட்டின் சுவர் அடியில் தடிமனாகத் தொடங்கி மேலே போகப் போக மெலியும். அந்தச் சரிவின் நடுவே, அடியிலிருந்து கொஞ்சம் மேலே, உள்பக்கத்தில் ஒரு பள்ளம் ஓடியது. அந்த இடத்தில் பித்தளை பாதிகூட மிச்சமில்லை. இன்னொரு தடவை சுட்டிருந்தால் இதுவும் போயிருக்கும்.

காரணத்தை அவர் நிதானமாகச் சொன்னார். தோள் அதிகம் பின்வாங்கிய கூடு சேம்பரில் தளர்ந்து கிடக்கும். பிரைமரை ஃபயரிங் பின் என்ற ஊசி அடிக்கும்போது கூடு முழுவதும் முன்னால் போய்த் தோளில் முட்டும்; பின்னால் போல்ட்டுக்கும் கூட்டுக்கும் நடுவே இடைவெளி விழும். அழுத்தம் ஏறும்போது முதலில் மெல்லிய முன்சுவர்தான் விரிந்து சேம்பரை இறுகப் பிடித்துக்கொள்கிறது. தடித்த அடிப்பாகம் பிடிக்காமல் பின்னால் நகர்ந்து போல்ட்டில் போய் முட்டுகிறது. முன்பாதி நகராது, பின்பாதி நகர்ந்தே தீரும். நடுவில் இருக்கும் பித்தளை இழுபடுகிறது. ஒவ்வொரு தடவையும் டையில் தோளைத் தள்ளி, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தை இழுத்தால் எத்தனை நாள் தாங்கும்? வெளியே மங்கலாக ஒரு பளபளப்பு வளையம் முதலில் தெரியும். அதற்கும் முன்பே கண்டுபிடிக்கப் பேப்பர் கிளிப் ஒன்று போதும். அதை நிமிர்த்தி, நுனியைச் செங்குத்தாக மடித்து, கூர் தீட்டி, கூட்டின் உள்சுவரில் அடியிலிருந்து மேலே இழுத்தால் பள்ளத்தில் நுனி தடுக்கும். இதற்கு இன்னொரு அறிகுறியும் உண்டு. இழுபட்ட பித்தளை எங்காவது போக வேண்டும். கூடு நீண்டுகொண்டே போகும். .308 கூட்டின் உச்ச நீளம் 2.015 அங்குலம். அடிக்கடி வாயை வெட்டி 2.005க்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது என்று ஒருவர் அலுத்துக்கொண்டால், அவருடைய தோள் அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கால் சுற்று விவகாரத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் இதில்தான் நின்றுவிடுகிறார்கள். டையின் மரை அங்குலத்துக்கு 14 சுற்று. அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு டை 0.071 அங்குலம் இறங்கும். கால் சுற்றுக்கு ஏறக்குறைய 0.018. நமக்கு வேண்டியதோ 0.002. ஐந்து டிகிரி திருகினாலே ஆயிரத்தில் ஒன்று வந்துவிடும். டையைப் பூட்டும் லாக் ரிங்கின் விளிம்பில் அது ஒன்றரை மில்லிமீட்டர்கூட இராது. டை ஷெல் ஹோல்டரைத் தொட்ட பிறகு கால் சுற்று இறக்கினால், பிரஸ்ஸின் இரும்பு நெளிந்து அந்த அழுத்தத்தை வாங்கிக்கொள்கிறது. டையும் ஹோல்டரும் இடைவெளியின்றி இறுகுகின்றன. டை செய்கிறவர்கள் அந்த நிலையில் கூடு மிகச் சிறிய சேம்பருக்குள்ளும் போக வேண்டும் என்று கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் சேம்பர் தெரியாது. ஆகவே அந்த அறிவுரை தப்பில்லை. யாரோ ஒருவருடைய துப்பாக்கிக்கு அது சரி. உங்களுடையதற்குச் சரியா என்பதை அளக்காமல் சொல்ல முடியாது.

எனக்குப் பச்சை அட்டை கிடைத்து, சொந்தமாக ஒரு .308 போல்ட் ரைஃபிள் வாங்கியபின் நானே அளக்க ஆரம்பித்தேன். பெரியவர் தன் வளையத்தைத் தரத் தயாராக இருந்தார். ஆனால் நான் ஹார்னடி கம்பெனியின் கம்பேரட்டரை வாங்கினேன். காலிப்பரின் ஒரு தாடையில் ஒரு பிடியைத் திருகால் இறுக்கி, அதில் தோட்டாவுக்கு ஏற்ற துளையுள்ள புஷ்ஷைப் பொருத்துவது; .308க்கு 0.400 புஷ். கூட்டின் தோள் புஷ்ஷில் உட்காரும், அடி மறு தாடையில் முட்டும், எண் திரையில் வரும். அவர் வளையத்தில் செய்ததேதான்.

அளப்பதில் சில நுணுக்கங்கள் உண்டு. அவற்றை அவர் சொல்லித்தந்த வரிசையிலேயே எழுதுகிறேன். முதலில் செத்த பிரைமரை எடுத்துவிட வேண்டும். அடிபட்ட பிரைமர் துளி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் அளப்பது கூட்டை அல்ல, பிரைமரை. இதற்காகக் கூட்டைத் தொடாமல் பிரைமரை மட்டும் தள்ளும் தனி டை இருக்கிறது. அடுத்து அடிப்பாகத்தில், கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் பட்ட இடத்தில் சின்னப் பிசிறு நிமிர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கூட்டைப் புஷ்ஷில் வைத்ததும் லேசாக அசைத்து நேராக உட்கார விட வேண்டும். அதற்குமேல் கட்டை விரலின் அழுத்தம் ஒவ்வொரு தடவையும் ஒன்றாக இருக்க வேண்டும். இது எனக்குப் புதிதில்லை. அளவைக்கூடத்தில் ஒரு கருவியை நம்புவதற்கு முன் அதைப் பிடிக்கும் கையைச் சோதிப்போம். ஒரே கூட்டை அளந்து, கீழே வைத்து, மறுபடி எடுத்து அளந்துகொண்டே போக வேண்டும். உங்கள் சொந்தக் கையே ஆயிரத்தில் இரண்டு ஏறி இறங்கினால், ஆயிரத்தில் இரண்டைத் தேடும் தகுதி அந்தக் கைக்கு இன்னும் வரவில்லை. சாதாரண டிஜிட்டல் காலிப்பர் ஆயிரத்தில் அரையைக் காட்டும். ஆனால் அதன் துல்லியமே ஆயிரத்தில் ஒன்று முன்பின்தான். அந்த அரையை வைத்து வாதாடுகிறவர்களோடு நான் சேருவதில்லை.

திரையில் வரும் எண் உண்மையான ஹெட்ஸ்பேஸ் அல்ல என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். புஷ்ஷின் விளிம்பு மழுங்கியிருக்கலாம், துளை துளி கூடக்குறைய இருக்கலாம். சுட்ட கூடு 1.632 காட்டுகிறது, டைக்குப் பின் 1.630 காட்டுகிறது என்றால், அந்த இரண்டின் கழித்தல் மட்டும்தான் மெய். அதனால் நண்பரின் எண்ணைக் கேட்டு உங்கள் டையை அமைப்பது பயனற்றது. அவர் புஷ் வேறு, அவர் சேம்பர் வேறு. பெரியவரின் வளையமும் என் புஷ்ஷும்கூட ஒரே கூட்டுக்கு ஒரே எண்ணைத் தந்ததில்லை. தள்ளலின் அளவைக் கேட்டால் மட்டும் இரண்டும் ஒத்துப்போகும்.

புதுக் கூட்டில் இன்னொரு சங்கதி. முதல் தடவை சுட்டதும் பித்தளை சேம்பரை முழுவதும் நிரப்பிவிடும் என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று தடவைகூட ஆகலாம். ஒரு தடவை சுட்டதை மூல அளவாக வைத்துக்கொண்டு அதிலிருந்து இரண்டு தள்ளினால், உண்மையில் அதற்கும் மேலே தள்ளியதாகும். இதை உறுதிசெய்ய அவர் போல்ட்டைப் பிரித்து ஃபயரிங் பின்னையும் எஜெக்டரையும் எடுத்துவிடுவார். ஸ்பிரிங் எதுவும் குறுக்கிடாத வெறும் போல்ட். சுட்ட கூட்டைச் சேம்பரில் வைத்து மூடினால் கைப்பிடி எந்த இடத்தில் நின்று தயங்குகிறது என்று விரல் நுனியில் தெரியும். தயக்கம் இருந்தால் கூடு சேம்பரை நிரப்பிவிட்டது. அதுதான் மூல அளவு. பிறகு டையை ஐந்தைந்து டிகிரியாக இறக்கி ஒவ்வொரு கூடாக அழுத்தி, கைப்பிடி தன் எடையிலேயே விழும் இடம்வரை போவது. அந்த இடத்தில் காலிப்பரை எடுத்தால் ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ காட்டும். விரலும் காலிப்பரும் தனித்தனியாக ஒரே விடைக்கு வருவதைப் பார்ப்பது எனக்கு இன்றும் பெரிய திருப்தி.

டையை மெல்ல இறக்கும்போது எல்லோரையும் குழப்பும் ஒன்று நடக்கும். முதலில் தோள் பின்னுக்குப் போகாது, முன்னுக்கு வரும். சுட்ட கூடு 1.632 இருந்தது, டையில் பாதி போட்டு எடுத்தால் 1.634, 1.635 என்று காட்டும். காலிப்பர் கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. டை முதலில் உடலைத்தான் பிடிக்கிறது. பக்கவாட்டில் நசுங்கும் பித்தளைக்குப் போக ஒரே வழி மேலே. தோள் டையின் உச்சியைத் தொடும்வரை ஏறிக்கொண்டே வரும். தொட்டபின்தான் இறங்கத் தொடங்கும். அதனால்தான் அரைகுறையாக அழுத்திய கூடு, அழுத்தாத கூட்டைவிட இறுக்கமாக மூடும். இதை அறியாதவர் பயந்து டையை ஒரேயடியாக இறக்கிவிடுவார். ஆயிரத்தில் ஒன்பது தள்ளிய கதைகளில் சில இப்படித்தான் தொடங்குகின்றன என்பது என் அனுமானம்.

நாளடைவில் நான் டையைத் திருகி அமைப்பதையே விட்டுவிட்டேன். ரெடிங் கம்பெனி, உயரத்தில் ஆயிரத்தில் 2, 4, 6, 8, 10 கூடுதலான ஐந்து ஷெல் ஹோல்டர்களைத் தொகுப்பாக விற்கிறது. டையை ஹோல்டரில் இறுக முட்ட வைத்துவிட்டு, தோள் அளவுக்கு ஏற்ப ஹோல்டரை மாற்றிக்கொள்ளலாம். டையும் ஹோல்டரும் இறுகி நிற்பதால் கைப்பிடியை ஒருநாள் அழுத்தியும் ஒருநாள் மெதுவாகவும் இழுத்தாலும் அளவு மாறுவதில்லை. பெரியவருக்கு இது பிடிக்கவில்லை. மரையும் பேனாக் கோடும் போதும் என்பார். அவர் கைக்குப் போதும். என் அனுபவத்தில் புதியவர்களுக்கு ஹோல்டர்களே நல்லது.

எல்லாம் சரியாக வைத்தாலும் ஒரே டையிலிருந்து வரும் கூடுகள் ஒரே அளவில் வருவதில்லை. மசகு ஒன்றில் அதிகம், ஒன்றில் குறைவு. ஒன்றைப் பிரஸ்ஸின் அடியில் ஓரிரு நொடி நிறுத்தினோம், ஒன்றை உடனே எடுத்துவிட்டோம். இவற்றைவிடப் பெரிய காரணம் பித்தளையின் கடினம். ஒவ்வொரு தடவை விரிந்து சுருங்கும்போதும் பித்தளை இறுகும். இறுகியது டையிலிருந்து வெளிவந்ததும் பழைய இடத்துக்குத் துள்ளித் திரும்பும். போன மாதம் இரண்டு தள்ளிய அதே அமைப்பு இந்த மாதம் அரைதான் தள்ளும். அதற்கு மருந்து கழுத்தையும் தோளையும் தீயில் காட்டிப் பதப்படுத்துவது. அடிப்பாகத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் சூடாக்கக் கூடாது. 62,000 பவுண்டைத் தாங்குவது அதன் கடினம்தான்.

இந்த இடத்தில் பெரியவர் சொன்ன ஒரு பழைய விஷயம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது, ஏனென்றால் அது நம் நாட்டில் நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலம் வந்தால் ராணுவத்தின் தோட்டாக் கூடுகள் யாரும் தொடாமலே வெடிப்பு விட்டன. மழைக்குப் பாதுகாப்பாகக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். லாயத்தின் அம்மோனியாவும் ஈரமும், கூட்டைச் செய்தபோதே பித்தளைக்குள் தங்கிப்போன இழுவிசையும் சேர்ந்து செய்த வேலை அது. 1921இல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் இதன் காரணத்தை விளக்கினார்கள். இன்றும் உலோகவியல் படிப்பவர்கள் பருவகால வெடிப்பு என்று இதைப் படிக்கிறார்கள். சூடு காட்டினால் உள்ளே தங்கிய அந்த இழுவிசை தளர்ந்துவிடும். அமெரிக்க ராணுவத் தோட்டாக்களின் கழுத்திலும் தோளிலும் நீலமும் பழுப்புமாகத் தெரியும் கறை, சூடு காட்டியதன் தழும்பு. அழுக்கென்று நினைத்து அதைத் தேய்த்துப் போக்கப் பார்க்கிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

அவருடைய காரண்டுக்கு அவர் வைத்திருந்த எண் வேறு. ஆயிரத்தில் மூன்றிலிருந்து ஐந்து வரை. ஏன் அதற்கு மட்டும் இந்தச் சலுகை என்று கேட்டேன். போல்ட் ரைஃபிளை என் கை மூடுகிறது, இறுகினால் நிறுத்திவிடுவேன். காரண்டை ஸ்பிரிங் மூடுகிறது. அதற்கு உணர்ச்சி கிடையாது. கூடு துளி நீளமாக இருந்தால் போல்ட் முழுதாகப் பூட்டிக்கொள்ளாமல் நின்றுவிடலாம். அதன் ஃபயரிங் பின்னைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கும் இல்லை. போல்ட் வேகமாக முன்னால் வரும்போது பின் நுனி பிரைமரை லேசாகத் தட்டும். பூட்டாத போல்ட்டில் அந்தத் தட்டு வெடிப்பாக மாறினால் சுடுகிறவர் முகம் என்ன ஆகும் என்று அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. அங்கே கூட்டின் ஆயுள் இரண்டாம் பட்சம். அதனால் யாராவது பொதுவாக "இரண்டு தள்ளு" என்று சொன்னால், எந்தத் துப்பாக்கிக்கு என்று கேட்க வேண்டும்.

டொலீடோவிலிருந்து ஏரிக்கரையோரம் கிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் கேம்ப் பெர்ரி வந்துவிடும். 1907இலிருந்து அமெரிக்காவின் தேசியச் சுடுபோட்டிகள் நடக்கும் இடம். இலக்குகளுக்குப் பின்னால் ஈரி ஏரி. படகு ஏதாவது எல்லைக்குள் வந்துவிட்டால் சுடுவதை நிறுத்திவிட்டு எல்லோரும் காத்திருக்க வேண்டும். 600 கஜத்தில் பத்து மதிப்பெண் வட்டம் 12 அங்குலம். நான் அங்கே படுத்துச் சுட்ட கோடைகளில் எனக்கு உறுதியான ஒரு கருத்தைச் சொல்கிறேன். தோளை ஒரே அளவில் தள்ளுவதால் குண்டுகள் இன்னும் நெருங்கி விழும் என்று விற்கிறவர்கள் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மணிக்குப் பத்து மைல் குறுக்குக் காற்று .308 குண்டை அந்தத் தூரத்தில் இரண்டரை அடிக்குமேல் ஒதுக்கிவிடும். என் மதிப்பெண்ணைத் தீர்மானித்தது ஏரிக்காற்றை நான் படித்த விதம்தான். தோள் அளவு எனக்குக் கொடுத்தது வேறு: போல்ட்டை மூடும்போது அந்தக் கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பின்லாந்து லப்புவா கூடுகள் வருஷக்கணக்காக என்னிடம் சுழன்றன. பள்ளம் விழுந்த கூடு ஒன்றைக்கூடப் பேப்பர் கிளிப் காட்டியதில்லை.

பெரியவருக்குக் கண் மங்கியபின் போட்டிகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அளப்பதை நிறுத்தவில்லை. கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் சுட்ட கூடுகளைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு அவர் கராஜுக்கு வருவார்கள். திரையைப் படிப்பது என் வேலை, நோட்டில் எழுதுவதும் என் வேலை. கூட்டைப் புஷ்ஷில் உட்கார வைத்து அசைத்துப் பார்ப்பது மட்டும் அவர் விரல்கள்தான். கூடு பிளந்த அந்த இளைஞரும் வருவார். ஒரு பெட்டிக் கூட்டை இப்போது எத்தனை சுற்று ஓட்டுகிறார் என்று அவர் சொல்லும்போது பெரியவர் ஒன்றும் பேசாமல் அந்தக் கூட்டையும் வாங்கிப் பேப்பர் கிளிப்பை உள்ளே விடுவார்.

இதைப் படித்துவிட்டு இந்தியாவில் யாரும் முயன்று பார்க்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டப்படி தோட்டாவும் உரிமம் வேண்டிய பொருள், உரிமமின்றி அதைச் செய்வது குற்றம். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குத் தேவை. அந்தச் சுதந்திரம் இருப்பதாலேயே கண்காணிக்கிறவரும் யாரும் இல்லை. அளந்தீர்களா என்று கேட்க மேசையில் உங்களைத் தவிர ஆள் கிடையாது.

அங்கே வாழும் தமிழ் இளைஞர்கள் சிலர் இப்போது இந்தப் பக்கம் வருகிறார்கள். சிலர் எனக்குத் தொலைபேசியில் சந்தேகமும் கேட்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். விலை உயர்ந்த டெலஸ்கோப்பை அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் ஒரு நல்ல காலிப்பரும் உங்கள் தோட்டாவுக்கு ஏற்ற புஷ்ஷோடு ஒரு கம்பேரட்டரும் வாங்குங்கள். உங்கள் துப்பாக்கியில் சுட்ட கூடுகளைப் பிரைமர் எடுத்து அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். அந்தப் பக்கம் நிரம்பியபின் டையைத் தொட்டால் போதும்.